ஊதி, முகர்ந்து, பிறகு கொதிக்கவை

கதிரு, அடுப்பைப் பற்ற வைக்காதே. உன் அவசரம் எனக்குத் தெரியாதா? பார்சலைப் பிரித்ததும் முறுக்கு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, டீத்தூள் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்கப் பார்ப்பாய். கத்தரிக்கோல் எடுக்க எழுந்து போகிற வழக்கம் நம் வம்சத்திலேயே கிடையாது. அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பொட்டலத்தின் மேலேயே வைத்து ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். முதலில் இதைப் படி. "வாய்ஸ் மெசேஜ் போடுங்கப்பா, தமிழ் படிக்க டைம் லக்தா ஹை" என்று நீ முனகுவது இங்கே கேட்கிறது. ஆகட்டும், எழுத்துக் கூட்டியே படி. வாயால் சொல்லப் போனால் நடுவில் எங்கேயாவது அழுதுவைப்பேன். நீ அதை ஃபோனில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்பாய். அந்த வம்பு எனக்கு வேண்டாம்.

அன்றைக்கு வீடியோ காலில் உன் புது வீட்டுச் சமையலறையைச் சுற்றிக் காட்டிவிட்டு, கையிலிருந்த கப்பைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாய். "பாருங்கப்பா, இது சாயா? வெறும் வெந்நி, கரம் பானி. இந்தியன் ஸ்டோர்ல பத்து டப்பா வச்சிருக்கான், எத எடுக்கறதுன்னே புரியல. நம்ம வீட்டு டீத்தூள் வேணும். பாணேர்ல வீடு இருக்கே என் ஃபிரெண்ட் ஓம்கார், அவன் அங்க லீவுக்கு வந்திருக்கான், சண்டே ரிட்டர்ன் வரான். அவன்கிட்ட குடுத்து அனுப்புங்க. நீங்க எடுத்தா போதும், உங்களுக்குத் தெரியும்." நானும் பெரிய மனுஷன் மாதிரி, "அது இன்னா பெரிய விஷயம், பாத்துக்கலாம் வுடு" என்றேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். உன் கேமராவில் அவள் தெரிந்திருக்க மாட்டாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்: கடையில் டீத்தூள் எடுப்பது எப்படி.

டப்பா மேல் இருக்கும் படத்தைப் பார்க்காதே. மலைச்சரிவு, கூடை சுமந்த பெண், ஆவி பறக்கும் கோப்பை, எல்லாம் அட்டை வேலை. திருப்பிப் பிடித்து என்றைக்குப் பாக்கெட் போட்டார்கள் என்று பார். டீத்தூள் கெட்டே போகாது என்பார்கள். கெடாது, வாஸ்தவம், ஆனால் செத்துப் போகும். உதிரியாக விற்கும் கடை கிடைத்தால் அங்கே போ. வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொட்டச் சொல். மணிமணியாக, ஒரே அளவாக, கறுப்பில் லேசாகப் பழுப்பு ஓடி மினுங்கவேண்டும். சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் பழையது. சிவப்பாக நார்நாராகத் தெரிந்தால் காம்பு. காம்பைக் காய்ச்சிக் குடிக்க நாம் என்ன ஆடா மாடா? இரண்டு விரலில் எடுத்து நசுக்கினால் நொறுங்கவேண்டும். மசிந்தால் எங்கேயோ ஈரம் குடித்திருக்கிறது. உள்ளங்கையில் ஏந்தினால் நல்ல தூள் கனக்கும். சந்தேகமாக இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு சிட்டிகையைக் குளிர்ந்த தண்ணீரில் போடு. போட்டதுமே சாயம் கோடுகோடாக இறங்கினால் அது தேயிலையின் நிறமே இல்லை, எவனோ கலந்த சாயப்பொடி. நல்ல தூள் பச்சைத் தண்ணீரில் சும்மா கிடக்கும். சூடு பட்டால்தான் வாயைத் திறக்கும், உன்னை மாதிரி.

இன்னொன்று, நீ எப்படி டீ போடுகிறாய் என்பதைப் பொறுத்துத்தான் தூள். நம் வேலூர்ப் பக்கம் டிகாக்ஷன் தனியாக, பால் தனியாக. அதற்கு மாவு மாதிரி டஸ்ட் வேண்டும், வெந்நீர் பட்டதும் இறங்கிவிடும். நீயோ புனேயில் பிறந்த புனேக்காரன். தண்ணீர், சர்க்கரை, தட்டிய இஞ்சி, தூள், பால் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பொங்கப் பொங்கக் கொதிக்கவிடுகிறவன். டஸ்ட்டை அப்படிக் கொதிக்கவைத்தால் கஷாயம்தான். உனக்கு வேண்டியது, ஹிந்தியில் 'தானா' என்பார்களே, குருணை குருணையாக இருக்குமே, அது. அதில் நிறத்துக்காகக் கொஞ்சம் டஸ்ட் கலந்தால் போதும். இந்த விஷயத்தில் நானும் உன் கட்சிக்கு மாறிவிட்டேன். ஃபாக்டரி கேண்டீனில் இத்தனை வருஷம் குடித்தவன் வேறென்ன ஆவான்?

நம் வீட்டில் டீ குடித்தது நீயும் நானும் மட்டும்தான். உன் அம்மா கல்யாணமான புதிதில் குடித்துக்கொண்டுதான் இருந்தாள். நீ வயிற்றில் வந்ததும் டீ வாசனை பட்டாலே வாந்தி. மசக்கை போனது, நீ பிறந்தாய், பல் முளைத்தது, மீசை முளைத்தது. டீ மட்டும் அவளுக்கு ஆகவேயில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு டீ போடும் பெண்ணை இந்த ஹடப்சர் ஏரியாவில் வேறு எங்கும் பார்க்க முடியாது. டம்ளரைக் கைநீட்டி எட்ட வைத்துவிட்டுத் தன் காப்பியோடு பால்கனிக்குப் போய்விடுவாள். நீ ஸ்வீடன் போகிறாய் என்றதும் அங்கேயெல்லாம் காப்பிதான் அதிகம் குடிப்பார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, "என் புள்ள இனிமேலாச்சும் உருப்படுவான்" என்று சொன்னவள். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். அதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று உத்தரவு. இப்போது மீறிவிட்டேன்.

மேலே சொன்ன பரீட்சையெல்லாம் அரைப் பரீட்சைதான். முழுப் பரீட்சை உனக்கே தெரியும், நீ மறந்திருந்தால் உன்னை என்ன செய்வது? வானவடி பஜாரில் சேட் கடை. மாசச் சம்பளம் வந்த சனிக்கிழமை ஸ்கூட்டரின் முன்பக்கம் உன்னை நிற்கவைத்துக் கூட்டிப்போவேன். பின்னால் நீ வளர்ந்து, நீ ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து போனோம். சேட் தட்டுத் தட்டாகத் தூளை எடுத்து வைப்பார். ஒரு பிடி எடுத்து, கையை மூடி, கட்டைவிரல் இடுக்கு வழியாக ஹா என்று சூடாக ஊதவேண்டும். பூ என்று ஊதினால் மூஞ்சியெல்லாம் தூள். தூங்கிக்கொண்டிருக்கும் வாசனை அந்தச் சூட்டில் எழுந்திருக்கும். ஊதுவது என் வேலை. என் கை பெரிசு, மூச்சும் பெரிசு. ஊதி உன் மூக்குக்கு நேரே நீட்டுவேன். "அப்பா, இது கோணிப்பை." அடுத்தது. "இது மண்டே மார்னிங் ஸ்கூல் பேக்." அடுத்தது. "இது... இது பிஸ்கட் சுடற மாதிரி இருக்குப்பா!" சேட் தொப்பை குலுங்கச் சிரிப்பார். "சோட்டா சேட் போல்தியா, பஸ், தோல் தோ!" சின்ன சேட்டே சொல்லிவிட்டார் என்று கடைப்பையனை எடைபோடச் சொல்வார். நீ சொன்னதுதான் தீர்ப்பு. எனக்கும் அப்போது மூக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் உன் வாயால் கேட்பதில் ஒரு சந்தோஷம். காலேஜ் போன பிறகும் வெட்கப்படாமல் என் கைக்குள் மூக்கை நுழைத்து, "பேகார் ஹை அப்பா, வேற பாக்கலாம்" என்பாய். அந்த நேரம் உன் தாடி என் விரலில் குத்தும்.

இப்போது அம்மாவின் பார்வைக்கு வருகிறேன். நீ போன மறு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்ததே, சாதாரணச் சளி என்று சொன்னேனே, அது சாதாரணமாகப் போகவில்லை. உடம்பு தேறிவிட்டது. மூக்கு போய்விட்டது. மூக்கு இருக்கிறது, பயப்படாதே. வாசனைதான் தெரிவதில்லை. முதலில் நானே கவனிக்கவில்லை. நாக்குச் செத்துக் கிடக்கிறது, காய்ச்சல் வாய், சரியாகிவிடும் என்று இருந்தேன். சங்கராந்திக்கு எள்ளுருண்டை கொடுக்கப் பக்கத்து வீட்டு ஷிந்தே காகு வந்தாள். உன் அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். சரி, நாமே டீ போட்டுக் கொடுப்போம் என்று ஜம்பமாக உள்ளே போனேன். காகு ஒரு வாய் குடித்தாள். கண்ணை இரண்டு தரம் சிமிட்டினாள். பிறகு ரொம்ப மரியாதையாக, "பாவுஜி, சஹாத் குட்லா மசாலா காத்லா?" என்று, டீயில் என்ன மசாலா போட்டீர்கள் என்று மராத்தியில் கேட்டாள். இஞ்சி மட்டும்தான் போட்டேன், வேறு மசாலாவே போடவில்லை என்றேன். அதற்குள் உன் அம்மா ஈரத்தலையோடு ஓடிவந்தாள். "இன்னாங்க இது, வீடே பெருங்காயமா மணக்குது! எந்த டப்பாவுல இருந்து எடுத்தீங்க?" டீத்தூளை நான்தான் முந்தின வாரம் வேறு டப்பாவுக்கு மாற்றியிருந்தேன். சின்ன எவர்சில்வர் டப்பா காலியாக இருந்தது, கழுவித் துடைத்துக் கொட்டிவைத்தேன். அது ஊரிலிருந்து வந்த கட்டிப் பெருங்காயம் வைத்திருந்த டப்பா. அந்த வாரம் முழுக்க இரண்டு வேளையும், அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டுக் கொடுத்த பெருங்காய டீயை நான் குடித்துக்கொண்டு, உன்னிடம் ஃபோனில் "இன்னிக்கு டீ ஃபஸ்ட் கிளாஸ்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

காகு போன பிறகு நானும் அம்மாவும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் ஊதுபத்தியைக் கொளுத்தி என் மூக்குக்கு நேரே பிடித்தாள். புகை கண்ணில் எரிந்தது, அவ்வளவுதான். பிறகு எலுமிச்சம்பழம், பூண்டு, அலமாரியில் நீ விட்டுப்போன நீல டீ-சர்ட். அந்த டீ-சர்ட்டை அவள் துவைக்காமல் மடித்து வைத்திருக்கிறாள், அவ்வப்போது எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வாள். அதிலும் எனக்கு ஒன்றும் வரவில்லை. வெறும் துணி. அன்றைக்குத்தான் எனக்குத் துக்கமாக இருந்தது. டாக்டர், வரலாம், வராமலும் போகலாம் என்றார். தினம் காலையில் கிராம்பை மூக்கில் வைத்து, கிராம்பு கிராம்பு என்று நினைக்கச் சொன்னார். செய்கிறேன். சாமி கும்பிடாதவன் கிராம்பைக் கும்பிடுகிறேன் என்று உன் அம்மா கிண்டல் செய்கிறாள். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நீ அந்தக் குளிரில் தனியாக உட்கார்ந்து இன்டர்நெட்டில் எதையாவது தேடிப் படித்துப் பயப்படுவாய். அதைவிட, இரக்கப்பட்டு டிக்கெட் போட்டுவிடுவாயோ என்றும் ஒரு யோசனை. நீ வந்தால் எங்களைப் பார்க்க ஆசைப்பட்டு வரவேண்டும், என் மூக்குக்காக வரக்கூடாது என்ற வீம்பு. வீம்புக்கு என்ன குறைச்சல்?

இந்த நிலைமையில்தான் நீ "நீங்க எடுத்தா போதும்பா" என்றாய். நீ கேட்டது டீத்தூள் இல்லை, நம் வீட்டு வாசனை. அது எனக்குத் தெரியாதா? அதை எடுத்து அனுப்ப வேண்டிய ஆளுக்கு மூக்கில்லை. தப்பான தூள் வந்தால் முதல் வாயிலேயே கண்டுபிடிப்பாய். "நல்லா இருக்குப்பா" என்று பொய் சொல்லிவிட்டு அலமாரியின் பின்பக்கம் தள்ளிவிடுவாய். அந்தப் பொய்யை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. சேட் கடை வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். புதுச் சரக்கு வரவில்லையாம் என்று அம்மாவிடம் அளந்தேன். கம்பெனி டப்பாவை வாங்கிப் பிரித்து, சேட் கடைப் பையில் கொட்டி அனுப்பிவிடலாமா என்றுகூடக் கேட்டேன். "த்தூ, பெத்த புள்ளய ஏமாத்தறதுக்கா வயசாச்சு உங்களுக்கு?" என்றாள். ஓம்கார் ஃபோன் செய்து, "அங்கிள், பேக் குளோஸ் பண்ணப்போறேன், நாளைக்குள்ள குடுத்துடுங்க" என்று ஹிந்தியில் கெஞ்சினான். ஃபோனை வைத்ததும் உன் அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "கெளம்புங்க. நானும் வரேன்."

"நீயா? டீத்தூள் கடைக்கா?"

"பின்ன யாரு, ஷிந்தே காகுவா வருவா? நடங்க."

வானவடி பஜாரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டாள். கடைக்கு இன்னும் பத்துக் கடை தள்ளியிருக்கிறது! சேட் கிழண்டுவிட்டார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அரே, பஹுத் தின் கே பாத்! சோட்டா சேட் கஹாங் ஹை?" என்றார். வெளிநாட்டில் இருக்கிறான், அவனுக்குத்தான் தூள் என்றேன். அவர் முகம் மலர்ந்து, நான்கு தட்டில் எடுத்து வைத்தார். நான் பார்த்தேன், நசுக்கினேன், ஏந்தினேன். நான்கும் நல்ல தூள்தான். கண்ணும் கையும் அதுவரை கொண்டுபோய் விட்டன. அதற்கு மேல் அவற்றால் முடியாது. ஒரு பிடி எடுத்து, மூடி, ஊதினேன். ஊதிவிட்டுப் பழக்கதோஷத்தில் கீழே குனிந்து கையை நீட்டினேன், இடுப்பு உயரத்துக்கு, நீ நிற்கிற மாதிரி. உன் அம்மா அதைப் பார்த்துவிட்டாள். முந்தானையை எடுத்துவிட்டு, என் கைக்குள் முகத்தை வைத்தாள்.

"சீ. மழையில நனைஞ்ச சாக்கு." அடுத்த தட்டு. "இது சீயக்கா அரைக்கிற மிஷின் மாதிரி இருக்குது." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு, குமட்டலை அடக்கிக்கொண்டு நின்றாள். போதும் வா என்றேன். "சும்மா ஊதுங்க" என்று அதட்டினாள். மூன்றாவதற்கு, "காரமா மூக்குல ஏறுது, உள்ள ஒண்ணுமில்ல" என்றாள். நான்காவது பிடியை ஊதி நீட்டினேன். முகத்தை வைத்தவள் எடுக்கவேயில்லை. சேட் என்னைப் பார்க்கிறார், நான் சேட்டைப் பார்க்கிறேன். அவள் மூச்சு என் விரலில் படுவது மட்டும் தெரிந்தது.

"இதாங்க" என்றாள், தலையைத் தூக்காமலே.

"எப்படிச் சொல்ற?"

"சாயங்காலம். அவன் ஆபீஸ்லேர்ந்து வந்து வண்டிய ஸ்டாண்டு போடுவான். சாக்ஸ கழட்டி ஷூவுக்குள்ளயே திணிச்சிட்டு 'அம்மா, சாய்'னு கத்துவான் பாருங்க. அந்த நேரத்து வாசன."

"நீதான் மூச்ச புடிச்சிக்கினு டீ போடுவியே, உனக்கு எப்படித் தெரியும்?"

"எவ்ளோ நேரம் புடிக்கிறது? வீடு பூராவும் அதே வாசனதான. எங்க போறது நானு?"

நானும் ஒரு பிடி எடுத்து ஊதி மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இளம் சூடு, அவ்வளவுதான். ஆனால் அவள் முகத்தில் நீ வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தாய். அதை நான் பார்த்தேன். சேட் எடைபோடும்போது, "பெஹன்ஜி பக்கா ஹை" என்று மெச்சிவிட்டு ஒரு கை கூடுதலாக அள்ளிப்போட்டார். வரும் வழியில் பஸ்ஸில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். குமட்டவில்லையா என்று கேட்டேன். "குமட்டுது. இருக்கட்டும்" என்றாள்.

பொட்டலத்தை இரண்டு கவரில் கட்டியிருக்கிறேன். பெருங்காயத்தை உன் அம்மா தனிப் பையில், துணிக்கு நடுவில் வைத்திருக்கிறாள், பட்டபாடு போதும். நீயும் தூளை நல்ல டப்பாவில் போடு. மசாலாப் பக்கம் வைக்காதே, அடுப்புக்கு மேலே வைக்காதே. ரொம்ப நாளைக்கு வைத்துச் சேமிக்கவும் சேமிக்காதே, குடிக்கத்தான் கொடுத்தனுப்பினோம். இதெல்லாம் எழுதிவிட்டேன், இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதைச் சுற்றிச் சுற்றித்தான் இவ்வளவு நேரம் வந்துகொண்டிருக்கிறேன். எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது, கண்ணு. ஃபோனில் பார்க்கிறோமே என்பாய். ஃபோனில் நீ தெரிகிறாய், பேசுகிறாய். தாடி விரலில் குத்துவதில்லை.

அடுப்பை இன்னும் பற்ற வைக்கவில்லையே? ஒரு பிடி எடு. கையை மூடு. ஹா என்று ஊது. முகர்ந்து பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய், அம்மாவுக்கு அப்புறம் செய்யலாம். நல்லா இருக்குப்பா என்று மட்டும் சொல்லாதே, அது ஊரான் சொல்கிற வார்த்தை. கோணிப்பை, ஸ்கூல் பேக், பிஸ்கட் என்று முன்பு சொல்வாயே, அப்படிச் சொல். தமிழில் வராவிட்டால் ஹிந்தியில் சொல், மராத்தியில் சொல். உன் வாயால் கேட்டால் எனக்கு அந்த வாசனை வந்துவிடும் என்று ஒரு நப்பாசை. வரவில்லையென்றால் பரவாயில்லை. தீபாவளிக்குப் புதுச் சரக்கு வரும் என்று சேட் சொன்னார். உன் அம்மாவை மறுபடியும் அந்தக் கடைக்கு இழுத்துப்போக எனக்கு மனசில்லை. ஊதுவதற்கு என்னிடம் மூச்சு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, கதிரு. முகர்ந்து சொல்லத்தான் ஆள் வேண்டும்.

அப்பா